27 வாரத்தில் பிறந்த மகனும் நாற்பதாவது வாரத்து எம்.ஆர்.ஐ.யும்

என் மகன் பிறந்தபோது எடை 940 கிராம். முதல் வாரங்களில் உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்ட் பார்த்து, ரத்தக்கசிவு இல்லை என்றார்கள். பிரசவத்துக்கு முதலில் குறித்திருந்த தேதியை ஒட்டி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்.

மயக்க மருந்து கிடையாது. பால் புகட்டி, துணியால் சுற்றி, காதுக்கு உறை மாட்டித் தூங்க வைக்க வேண்டும். இரண்டு முறை விழித்துக்கொண்டான். "தட்டிக்கொடுங்கள் அம்மா, நேரம் இருக்கிறது" என்றார் தமிழ்த் தாதி. மூன்றாவது முறை, அந்தத் தடதடச் சத்தத்திலும் அசையாமல் தூங்கினான்.

அன்று மாலையே பணியிலிருந்த ஒரு மருத்துவர், "படம் அவ்வளவு நன்றாக இல்லை" என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படிச் சொல்லவே கூடாது.

நான்காம் நாள் மூத்த மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள். அவற்றின் ஓரத்தில், நரம்பிழைகள் ஓடும் வெண்பொருளில், அரிசிக் குருணை போலச் சில புள்ளிகள். "நடப்பானா?" என்றார் என் கணவர். காலை இயக்கும் நரம்பிழைகள் அந்த ஓரமாகத்தான் இறங்குகின்றன, அதனால் கால்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்றார் மருத்துவர். 2006இல் வெளியான, நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 167 குறைமாதக் குழந்தைகளை இரண்டு வயதுவரை தொடர்ந்து பார்த்த ஆய்வைப் பற்றியும் சொன்னார். வெண்பொருள் பாதிப்பு கூடுதலாக இருந்தவர்களுக்கு இயக்கத் தாமதமும், மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத பெருமூளை வாதமும் அதிகம். ஆனால் படம் நன்றாக இருந்தும் பின்தங்கிய பிள்ளைகள் உண்டு, பாதிப்பு தெரிந்தும் நன்றாக வளர்ந்தவர்களும் உண்டு. நடப்பான் என்றோ மாட்டான் என்றோ அவர் சொல்லவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதல்.

வீட்டுக்கு வந்த வாரமே பிசியோதெரபி தொடங்கினோம். கூடத்தில் பாய் விரித்து, மாமியார் தினமும் அவன் கணுக்காலை மடக்கி நீட்டுவார். பெருமாள் கோவிலில் யாராவது வயதைக் கேட்டால், "குறித்த தேதியிலிருந்து எண்ணுங்கள்" என்பார். அந்தக் கணக்கில் பத்தொன்பதாம் மாதம் நடந்தான். இடது குதிகால் மட்டும் இன்னும் தரையில் முழுதாகப் படிவதில்லை.

படம் எடுக்கப்போகிறவர்கள் "நன்றாக இருக்கிறதா" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். பாதிப்பு எந்த இடத்தில், அந்த இடம் எதை இயக்குகிறது என்று கேளுங்கள். அறிக்கையின் நகலையும் வாங்கி வையுங்கள். வளர்ச்சியில் பின்தங்கக்கூடிய சிறு குழந்தைகளுக்கான ஆரம்பகாலத் தலையீட்டு வகுப்பில் முதல் நாளே எங்களிடம் அந்த நகலைத்தான் கேட்டார்கள்.