நியூரோ எக்ஸாமினேஷன் ஸ்டெப்ஸ் எல்லாம் தெரியுது, ஆனா லீஷன் (பாதிப்பு) எங்கன்னு சொல்ல வரமாட்டேங்குது

மூணாம்வருஷம்_மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். நேத்து வார்டுல ஒரு கேஸ் எடுத்தேன், வயசானவர், ரெண்டு நாளா வலது கையும் வலது காலும் தூக்க முடியல. ஹையர் ஃபங்ஷன்ல (நினைவு, பேச்சு) ஆரம்பிச்சு கிரேனியல் நர்வ் (மூளை நரம்பு), மோட்டார் (அசைவு), சென்சரின்னு (உணர்ச்சி) வரிசையா எல்லாம் பண்ணினேன். வலது பக்கம் டோன் (தசையோட இறுக்கம்) கம்மி, கை தொளதொளன்னு விழுந்துச்சு, ரிஃப்ளெக்ஸும் (சுத்தியலால தட்டினா தசை தானா துள்ளுறது) சரியா வரல, அதனால லோயர் மோட்டார் நியூரான், அதாவது தண்டுவடத்துல இருந்து தசைக்குப் போற நரம்போட லீஷன்னு சொல்லிட்டேன். சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "அப்போ எந்த நரம்பு அடிபட்டிருக்கும்மா?" பதில் வரல. பிளான்ட்டர் (உள்ளங்காலைக் கீறிப் பாக்குற டெஸ்ட்) பாத்தியான்னார், அதையும் பாக்கல.

இன்னொண்ணு, ஆங்கிள் ஜெர்க் (கணுக்கால் ரிஃப்ளெக்ஸ்) நான் தட்டினா யாருக்குமே வர்றதில்ல, கூட படிக்கிற பசங்களுக்குக்கூட வரல. ராம்பெர்க் டெஸ்ட் (கண்ணை மூடி நிக்க வச்சுப் பாக்குறது) சிறுமூளைக்குன்னு சொல்லி அதுக்கும் திட்டு. பாடத்தை மூணு தடவ படிச்சிட்டேன், பேஷண்ட் முன்னாடி நின்னா எதுவும் ஒட்டமாட்டேங்குது. எப்படி யோசிக்கணும்னு யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

சுத்தியல்கை:
தங்கச்சி, சார் கேட்ட கேள்வியிலேயே பதில் இருக்கு. உடம்போட வலது பாதி முழுக்க லோயர் மோட்டார் நியூரான்ல போகணும்னா கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் வலது பக்க நரம்பு வேர்கள் அத்தனையும் ஒரே நேரத்துல அடிபடணும், அது நடக்கிற காரியமா? ஆனா இடது மூளைக்குள்ள சுண்டுவிரல் நுனி அளவு இடத்துல ரத்தம் போகலன்னா போதும், கை கால் முகம் மூணும் போயிடும், ஏன்னா மேல விரிஞ்சு கிடக்கிற நரம்பு இழைகள் எல்லாம் மூளைக்குள்ள இன்டர்னல் கேப்சூல்ங்கிற ஒடுங்கின இடத்துல ஒண்ணா நெருங்கித்தான் கீழ இறங்குது. எப்பவுமே ஒரே இடத்து லீஷனால எல்லாத்தையும் விளக்க முடியுதான்னு முதல்ல பாரு.

மோட்டார் பாதையில முக்கியமா ரெண்டு நியூரான். முதலாவது மூளைப் புறணியில கிளம்பி, முகுளத்தோட (மூளைத்தண்டோட அடிப்பகுதி) கீழ்ப்பகுதியில பெரும்பங்கு எதிர்ப்பக்கம் தாண்டி, தண்டுவடத்துக்குள்ள இறங்கும். ரெண்டாவது அங்க முன்பக்கம் இருக்கிற ஆன்டீரியர் ஹார்ன்ல ஆரம்பிச்சு நேரா தசைக்குப் போகும். ரெண்டாவது போச்சுன்னா தசைக்கு வர்ற கடைசி கம்பியே அறுந்த மாதிரி, அதனால தசை தளரும், ரிஃப்ளெக்ஸ் போயிடும், நாள்பட தசை மெலியும், சில சமயம் தோலுக்கு அடியில புழு நெளியுற மாதிரி துடிப்பு தெரியும். முதலாவது போனா கீழ இருக்கிற ரிஃப்ளெக்ஸ் வளையம் அப்படியே இருக்கும், அதை அடக்கி வச்ச பிடி மட்டும் விட்டுப்போச்சு, அதான் டோன் ஏறுது, ரிஃப்ளெக்ஸ் துள்ளுது.

நீ மாட்டின இடம் எதுன்னா, இந்த இறுக்கம் முதல் நாளே வராது. திடீர்னு வந்த ஸ்ட்ரோக்ல சில நாள், சில வாரம்கூட தொளதொளன்னே இருக்கலாம். அந்த நேரத்துல டோனை மட்டும் நம்பி முடிவு எடுத்தா யாரா இருந்தாலும் தப்பாதான் போகும். அதுக்குத்தான் சார் பிளான்ட்டர் கேட்டார். குதிகால்ல ஆரம்பிச்சு பாதத்தோட வெளி ஓரமா மெதுவா கீறிட்டு வந்து விரல்களுக்குக் கீழ உள்பக்கமா வளைச்சு முடி, கண்ணு கட்டைவிரல்ல மட்டும் இருக்கட்டும், அதோட முதல் அசைவுதான் கணக்கு. மேல தூக்குச்சுன்னா கார்டிகோஸ்பைனல் பாதையில, அதாவது அந்த முதல் நியூரான் இறங்குற வழியில, கோளாறு. 1896ல பபின்ஸ்கிங்கிற டாக்டர் சொன்னது, இன்னிக்கு ஸ்கேன் எல்லாம் வந்தப்புறமும் அதுக்கு மதிப்பு குறையல. நடக்க ஆரம்பிக்காத குழந்தைக்கு மேல போறது நார்மல், அதைப் பாத்து பயந்துடாத.

நெத்திய சுருக்கச் சொன்னியா? வாய் ஒரு பக்கம் கோணி, நெத்தி ரெண்டு பக்கமும் சுருங்குச்சுன்னா பிரச்சனை மூளையில, ஏன்னா நெத்திக்கு ரெண்டு அரைக்கோளத்துல இருந்தும் சப்ளை இருக்கு. நெத்தியும் சேந்து போச்சு, கண்ணையும் மூட முடியலன்னா முகத்துக்கு வர்ற ஏழாவது நரம்பே அடிபட்டிருக்கு.

பிசியோ_அக்கா:
மேல தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஆங்கிள் ஜெர்க் பத்தி நான் சொல்றேன்மா, இது கை பழகுற விஷயம். படுத்திருக்கிறவரோட முட்டிய லேசா மடக்கி காலை வெளிப்பக்கம் சாய்ச்சு வை. உன் இடது கையால முன்பாதத்தைப் பிடிச்சு மெதுவா மேல தள்ளு, ரொம்ப தள்ளினா அவரே எதிர்த்து அழுத்துவார், அப்புறம் ஒண்ணும் வராது. சுத்தியலோட கைப்பிடி நுனியில பிடி, நிறைய பேர் தலைகிட்ட பிடிச்சுக்கிட்டு கொத்துறாங்க, அது அடியே இல்ல. மணிக்கட்டு தளர்ந்து சுத்தியல் தன்னோட கனத்துலயே விழணும். கண்ணால பாக்குறதுக்கு முன்னாடி பிடிச்சிருக்கிற கைக்கே தெரியும், பாதம் உன் உள்ளங்கைய ஒரு சின்ன தள்ளு தள்ளும்.

அப்பவும் வரலன்னா, ரெண்டு கை விரலையும் கொக்கி மாதிரி கோத்துக்கிட்டு நான் சொல்லும்போது இழுங்கன்னு சொல்லிட்டு, அவர் இழுக்கிற அதே நொடியில அடி. இதையும் பண்ணிப் பாக்காம ரிஃப்ளெக்ஸ் இல்லன்னு எழுதவே கூடாது. எந்த ரிஃப்ளெக்ஸுக்கு எந்த நரம்பு வேர்ங்கிற எண் மறந்துபோனா கீழ இருந்து மேல எண்ணிக்கிட்டே போ, ஒண்ணு ரெண்டு கணுக்கால், மூணு நாலு முட்டி, அஞ்சு ஆறு பைசெப்ஸ், ஏழு எட்டு ட்ரைசெப்ஸ். முதலாவது எஸ் (இடுப்புக்குக் கீழ), அடுத்தது எல் (இடுப்பு), மீதி ரெண்டும் சி (கழுத்து).

டோன் பாக்கும்போது பேஷண்ட்கிட்ட ஏதாவது பேச்சு குடுத்துக்கிட்டே பாரு. கைய லூசா விடுங்கன்னு சொன்னா எல்லாரும் இறுக்கிக்குவாங்க.

தண்டுவடம்:
ராம்பெர்க் பத்தி யாரும் சொல்லலயே. நிக்கிறதுக்கு கண்ணு, உள்காது பேலன்ஸ், கால் மூட்டுல இருந்து வர்ற நிலையுணர்வுன்னு மூணு வேணும், ரெண்டு இருந்தா சமாளிக்கலாம். பாதத்தை சேத்து வச்சு கண்ணைத் திறந்தபடி நிக்க வை. அப்பவே தள்ளாடினா அது ராம்பெர்க் கணக்குல வராது, சிறுமூளையா இருக்கலாம். திறந்தப்போ நல்லா நின்னு, மூடினதும் விழப்போனாத்தான் பாசிட்டிவ், பெரும்பாலும் டார்சல் காலம் (நிலையுணர்வை மேல கொண்டுபோற தண்டுவடத்தோட பின்பகுதி) இல்லன்னா பெரிஃபெரல் நரம்பு (தண்டுவடத்துக்கு வெளிய ஓடுறது). முகம் கழுவ கண்ணை மூடினா தள்ளாடுதுன்னு பேஷண்ட்டே சொல்லுவாங்க, ஹிஸ்டரியில கட்டாயம் கேளு. டெஸ்ட் பண்ணும்போது பக்கத்துல பிடிக்கத் தயாரா நில்லு, எட்ட நின்னு வேடிக்கை பாக்காத.

ஒண்ணு மட்டும் சேத்துக்கிறேன், ரிஃப்ளெக்ஸ் துள்ளுதுன்னு மட்டும் வச்சு நோய்னு சொல்லிடாதீங்க, பதட்டமா இருக்கிறவங்களுக்கு ரெண்டு பக்கமும் துள்ளும். வலது இடது வித்தியாசம்தான் பேசும்.

சென்சரியில வலியும் சூடும் குளிரும் தண்டுவடத்துக்குள்ள நுழைஞ்ச கொஞ்ச தூரத்துலயே எதிர்ப்பக்கம் தாண்டிடும், அதிர்வும் நிலையுணர்வும் அதே பக்கமா முகுளம் வரைக்கும் ஏறித்தான் தாண்டும். அதனாலதான் தண்டுவடம் பாதி அறுந்தா அதே பக்கம் பலமும் நிலையுணர்வும் போகும், எதிர்ப்பக்கம் வலி தெரியாது. இந்த ஒரு படத்தை நீயே நாலு தடவ வரைஞ்சு பாரு, பாதி நியூரோ அதுலயே இருக்கு.

மகள்_ஒருத்தி:
நான் டாக்டர் இல்ல, அப்பாவுக்கு பல வருஷமா சுகர். ஒருநாள் வாசல்ல நடந்து வர்றார், ஒரு கால்ல செருப்பு இல்ல, கழண்டு விழுந்ததே அவருக்குத் தெரியல. அன்னிக்குத்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். அவர் ஒரு இசைக்கவைய தட்டி அப்பா கட்டைவிரல் எலும்புல வச்சார், அதிருதான்னு கேட்டார், அதிருதுன்னு அப்பா சொன்னார். அடுத்த தடவ தட்டாமலே வச்சார், அப்பவும் அப்பா அதிருதுன்னுதான் சொன்னார். டாக்டர் கோவப்படல, முதல்ல நெஞ்செலும்புல வச்சு அதிர்வுன்னா இதுதான் ஐயான்னு காட்டிட்டு மறுபடி விரலுக்கு வந்தார். அப்பா கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு, "ஒண்ணுமே தெரியல"ன்னார். நீளமான நரம்பு முதல்ல பாதிக்கும், அதான் காலுறை போடுற அளவுக்கு ரெண்டு பாதமும் மரத்துப்போகுதுன்னு விளக்கி, தினமும் பாதத்தைப் பாக்கச் சொன்னார். நீங்க படிக்கிற இந்த டெஸ்ட்டாலதான் எங்களுக்கு நேரத்துல தெரிஞ்சுது, அதைச் சொல்லணும்னு தோணுச்சு.

மூணாம்வருஷம்_மாணவி:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. சாயங்காலம் மறுபடி அந்த தாத்தாகிட்ட போனேன். நெத்தி ரெண்டு பக்கமும் சுருங்குது, வாய் வலது பக்கம் இறங்கியிருக்கு, வலது கட்டைவிரல் மெதுவா மேல போச்சு. அக்கா, அவரோட இடது கால்ல ஆங்கிள் ஜெர்க்கும் வந்துச்சு, நீங்க சொன்ன மாதிரியே கைக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது. நாளைக்கு அதிர்வும் நிலையுணர்வும் பாத்துட்டு எழுதறேன்.