பட்டன் தெறித்த நாள்

பின்னலாடைக்காரன், திருப்பூர்:
குழந்தை உடை ஏற்றுமதி செய்யும் ஒரு யூனிட்டில் சூப்பர்வைசராக இருந்தேன். வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்து, வேலையின் உன்னத நோக்கம் பற்றி இரண்டு மணி நேரம் பேசவைத்தார்கள். தைத்த உடையைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் டீ டம்ளரோடு கேட்டுவிட்டுப் பிசிர் வெட்டப் போய்விட்டார்கள். அன்றைய பீஸ் கணக்கு குறைந்ததுதான் மிச்சம்.

அடுத்த வாரம் ஒரு லாட்டில் பிரஸ் பட்டன்கள் கழன்றுகொண்டே இருந்தன. எரிச்சலில், லேப் அறையிலிருந்த இழுவைக் கருவியைச் செக்கிங் டேபிளுக்கே தூக்கிவந்தேன். பட்டன் 90 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 9 கிலோவைத் தொங்கவிட்ட அளவு இழுப்பைத் தாங்க வேண்டும் என்பது உடையை வாங்கும் வெளிநாட்டு பையரின் கணக்கு. முள் 50-ஐத் தாண்டியதும் பட்டன் தெறித்து டேபிளுக்கு அடியில் உருண்டது. மூத்த அக்கா ஒருவர் குனிந்து எடுத்து, விரலிடுக்கில் வைத்துப் பார்த்தார். "என் பேரன் எதைக் கண்டாலும் வாயில்தான் போடுகிறான்" என்றார். நான் எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் கெட்டிருக்கும்.

அதன்பின் அவர் பழுதான பீஸை ஒதுக்கிவைப்பதோடு நிற்பதில்லை. நேரே பட்டன் மெஷினுக்குப் போய், "அம்மிணி, உன் டை தேய்ந்திருக்கிறது, பார்" என்பார். டை என்பது பட்டனை அழுத்திப் பதிக்கும் அச்சு. பெரும்பாலும் தேய்ந்துதான் இருக்கும்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது கேட்டார்: "இத்தனை முக்கியமான வேலை என்றால் டெய்லர் கூலிக்கும் எங்கள் கூலிக்கும் ஏன் தம்பி இவ்வளவு வித்தியாசம்?"

சூலூர்வாசி:
கேட்கத்தான் செய்வார்கள். எங்கள் பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றும் வைண்டிங் பெண்கள் நான்கு பேரைப் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அழைத்துப் போனோம். ஆயிரம் அடி போர்வெல். உள்ளே எரிந்துபோன எங்கள் சப்மெர்சிபிள் பம்பை வண்டி வைத்துத் தூக்கி, குழாய் குழாயாகக் கழற்றவே அரை நாள் ஆயிற்று. தோட்டத்துக்காரர் எங்களைத் திட்டவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதுதான் உறைத்தது. கருகிய காயிலைப் புரட்டிப் பார்த்த பெண், "ஜாயிண்டில் டேப் சரியாகச் சுற்றவில்லை, தண்ணீர் இறங்கிவிட்டது" என்றாள். திரும்பி வந்ததும் மேலாளரிடம் போய், "ஜாயிண்ட் போடும் இடத்தில் வெளிச்சம் போதாது, முதலில் லைட் போடுங்கள்" என்றாள். ஆறு மாதமாக நாங்கள் யாரும் கவனிக்காத இருட்டு அது.

நாமக்கல்காரி:
லைட் வந்தது சரி. பின்னலாடைக்காரரே, அந்த அக்காவின் கூலி?

பின்னலாடைக்காரன், திருப்பூர்:
ஷிப்டுக்கு 50 ரூபாய் கேட்டேன். 20 ஏற்றினார்கள். அக்கா அதை வாங்கிக்கொண்டு, மீதி 30-ஐ இன்னும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்கிறார்.