எண்ணெய்க்கு முதல் கொப்பி

குழு: திருக்கோவில் கரை (போட், கரைவலை, கருவாடு)

செயலாளர் அண்ணன், மாலை 6:52
ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு ஆளுக்கொரு சீ.ஆர். கொப்பி கொண்டு வாங்க. 2020 செப்டம்பர் 3, நம்மட சங்கமன்கண்டிக்கு நேரே நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் எரியக்குள்ள உள்ளுக்கு 270,000 தொன் மசகெண்ணெய். அது ஒழுகல்ல, கப்பல்ட டீசல்தான் படலமாப் பரவின. அடுத்ததும் அப்படித் தப்பும் எண்டு இரிக்க ஏலா. எண்ணெய் பட்டா நட்டஈடு கேட்க, நம்மட தொழில் கணக்கை இப்பவே கொப்பியில எழுதி வைக்க வேணும்.

போட் மச்சான், 6:55
அந்தக் கப்பல்ட கப்டனுக்கு 12 மில்லியன் ரூபா தண்டம் போட்டாங்களே. அதில கரைக்கு என்ன வந்த?

செயலாளர் அண்ணன், 6:58
தண்டம் வேற, நட்டஈடு வேற மச்சான். தண்டம் அரசாங்கத்துக்கு. நட்டஈடு, கணக்குக் காட்டிக் கேட்கிற ஆளுக்கு. எண்ணெய்க் கப்பல் எண்டா 1992 ஒப்பந்தங்கள்படி முதல்ல கப்பல்காரன்ட இன்சூரன்ஸ், அது காணாட்டி சர்வதேச எண்ணெய் மாசு நட்டஈட்டு நிதியம். ரெண்டிலயும் இலங்கை இரிக்கி. நட்டம் வந்து 3 வருசத்துக்குள்ள தீரல்லையெண்டா வழக்குப் போட்டிரிக்க வேணும். வெறும் கடிதம் காணாது.

ரீச்சர், 7:01
2021 எக்ஸ்-பிரஸ் பேர்ளையும் இதையும் குழப்பாதீங்க. அது கொள்கலன் கப்பல், இந்த நிதியத்துக்குள்ள வராது.

போட் மச்சான், 7:04
நாளுக்கு 20,000 வாற போட் 30 நாள் கரையில நிண்டா 6 இலட்சம். நேராக் கேட்கலாம்தானே?

செயலாளர் அண்ணன், 7:10
நட்டஈட்டுக் கணக்குப் பார்க்கிறவங்க அங்கதான் வெட்டுவாங்க. போகாத நாளில மண்ணெண்ணெய், ஐஸ், சாப்பாடு மிச்சம். அது 8,000 எண்டு வைங்க, நட்டம் 12,000. அதில பாதி போட்டுக்கு, பாதி ரெண்டு ஆளுக்கு எண்டா உங்கட கணக்கு 6,000, அவங்களுக்கு 3,000 வீதம். நீங்க 12,000 கேட்டு, கூடப் போறவனும் 3,000 கேட்டா ரெண்டு தரம் கேட்டதாப் போயிரும், மொத்தக் கணக்கிலயும் சந்தேகம் வரும். அதனால கொப்பியில ஒவ்வொரு நாளும் கூடப் போன ஆள்ட பேரும் பங்கும் வேணும். கரைவலைக்கும் இதுதான். இழுக்கிற ஆக்கள்ட பேர் முதலாளிட மனசில இரிந்தாக் காணாது.

செயலாளர் அண்ணன், 7:11
30 நாளும் போறெண்டும் எழுதாதீங்க. முந்தின வருசங்கள்ல அதே மாசத்தோட ஒப்பிட்டுத்தான் பார்ப்பாங்க. வாடைக் காத்துக்குள்ள போகாத நாளுக்குக் காசு இல்ல.

கருவாட்டு மாமி, 7:15
நம்மட பொம்புளயள் போட்டுல ஏறல்லையே மகன். எங்களுக்கு ஒண்டும் இல்லையா?

ரீச்சர், 7:19
இரிக்கி மாமி. நாலு விசயம் பார்ப்பாங்க: எண்ணெய் பட்ட இடத்துக்கு எவ்வளவு கிட்ட, அந்த மீனை எவ்வளவு நம்பித் தொழில், வேற வழி இரிக்கா, உங்கட தொழில் இந்தக் கரைப் பொருளாதாரத்தோட சேர்ந்ததா. மீன் வாங்கின கிலோ, உப்பு வாங்கின பில், கல்முனைக்கு அனுப்பின கணக்கு. இந்த மூண்டையும் திகதியோட எழுதுங்க. துண்டுச் சீட்டெண்டாலும் கிழிக்காதீங்க.

ஐஸ் தம்பி, 7:24
தார் உருண்டை ஒதுங்கினா உடன படம் எடுத்துக் குழுவில போடுறன்.

ரீச்சர், 7:28
போடு, ஆனா டொகியூமெண்டாப் போடு. வெறும் படமா அனுப்பினா வாட்ஸ்அப் சுருக்கி, எடுத்த நேரம் இடம் எல்லாத்தையும் அழிச்சிரும். ஒறிஜினலை ஃபோன்லயே வை. சோதனைக்கு எடுக்கிற எண்ணெய் மாதிரியை ஷொப்பிங் பேக்கில போடாத. கழுவிக் காயவெச்ச கண்ணாடிப் போத்தல், மூடிக்கு உள்ளுக்கு அலுமினியத் தாள். பிளாஸ்டிக்கும் ரப்பரும் எண்ணெயோட கலந்து சோதனையைக் கெடுக்கும். கையுறை போடு. திகதி, நேரம், இடம், ரெண்டு சாட்சிட கையெழுத்து ஒட்டி, வெயில் படாம ஐஸ் பெட்டியில வை. உன்னட்ட ஐஸுக்கா பஞ்சம்?

போட் மச்சான், 7:31
வலையில பட்டா மண்ணெண்ணெயால கழுவலாமா?

செயலாளர் அண்ணன், 7:33
படம் எடுத்து, கடற்றொழில் பரிசோதகர் பார்க்கும் மட்டும் கழுவாதீங்க, எரிக்காதீங்க. எரிச்ச வலைக்கு ஆதாரம் சாம்பல்தான். போட் பதிவும் தொழில் அனுமதியும் முடிஞ்சிரிந்தா இந்த மாசமே புதுப்பிங்க. அனுமதி இல்லாமத் தொழில் செய்த நாளைக் கணக்கில எடுக்கிறது கஷ்டம்.

ரீச்சர், 7:37
கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபைக்குத் தகவல் அறியும் சட்டத்தில ஒரு மனு எழுதி வெச்சிரிக்கன், தமிழ்லயே. எண்ணெய் கசிவுத் திட்டத்தில நம்மட கரைக்கு யார் பொறுப்பு, எண்ணெய் பரவாமத் தடுக்கிற மிதவை எங்க வெச்சிரிக்கி எண்டு கேட்டிரிக்கன். 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்ல வேணும். இல்லாட்டி மேன்முறையீடு.

கருவாட்டு மாமி, 7:40
மகள், எனக்கு எழுத வராது.

ரீச்சர், 7:41
ஞாயிறு 4 மணிக்கு வாடிக்கு வாறன் மாமி. பில் எல்லாத்தையும் ஒரு டின்ல போட்டு வைங்க, முதல் பக்கத்தை ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுவம்.

ஐஸ் தம்பி, 7:43
ஜாம் போத்தல் 12 கிடக்கு. கழுவிக் கொண்டு வாறன்.