கேமரூன்: தேர்தல் நடக்கிறது, ஆனால் 43 வருஷமாக ஒரே அதிபர். எப்படி?

அவலாஞ்சி (ஊட்டி), 22 நவம்பர் 2025

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் கல்லூரிகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டி. தலைப்பு: ‘முறையாகத் தேர்தல் நடக்கும் நாடு ஜனநாயக நாடே’. நான் எதிர்த்துப் பேசுகிறேன், நாலு நிமிடம். உதாரணத்துக்கு ஆப்பிரிக்க நாடான கேமரூனை எடுத்திருக்கிறேன். 1982 நவம்பர் 6 முதல் அங்கே பால் பியாதான் அதிபர். போன மாதம் 92 வயதில் எட்டாவது முறையாக ஜெயித்ததாக அறிவித்தார்கள்: அவருக்கு 53.66 சதவீதம், அடுத்து வந்த இஸ்ஸா சிரோமா பக்காரிக்கு 35.19.

‘கள்ள ஓட்டு’ என்று ஆரம்பித்தால் எதிரணி ஆதாரம் கேட்டு மடக்கிவிடும். சட்டத்தையும் நடைமுறையையும் வைத்தே பேச முடியுமா? கைதுகள் எந்தச் சட்டத்தில் நடக்கின்றன? ஆங்கிலம் பேசும் பகுதியின் பிரச்சினை இதில் எங்கே வருகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கூடலூர்_சட்டம்

கள்ள ஓட்டுப் பக்கமே போகாதீர்கள் அம்மா. ஓட்டுப்பெட்டியைத் திறந்து வைக்கும் முன்பே அங்கே பாதி வேலை முடிந்துவிடுகிறது. அதுவும் சட்டப்படியே முடிகிறது. உங்கள் பேச்சுக்கு அதுதான் பலம்.

முதலில் பதவிக்காலம். 1996 ஜனவரியில் திருத்திய அரசியலமைப்பின்படி அதிபருக்கு ஏழு வருஷம், இரண்டு முறைதான். 1997, 2004 என்று பியா இரண்டு முறையும் ஜெயித்தார். 2011இல் இறங்கியிருக்க வேண்டும். 2008 பிப்ரவரியில் விலைவாசியையும் இந்த வரம்பை எடுக்கும் திட்டத்தையும் எதிர்த்துத் தெருவில் கலவரம் வெடித்தது. அந்த வருஷமே ஏப்ரல் 10ஆம் தேதி நாடாளுமன்றம் 157க்கு 5 என்ற வாக்கில் வரம்பையே நீக்கியது. மக்களிடம் பொதுவாக்கெடுப்பு கிடையாது. பதவியில் இருந்தபோது செய்த காரியங்களுக்காகப் பதவி விலகிய பிறகும் வழக்கு வராத பாதுகாப்பும் அதே திருத்தத்தில் சேர்ந்தது. வரம்பு போனதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இந்த இரண்டாவது பகுதியைச் சொல்பவர்கள் குறைவு. நீங்கள் சொல்லுங்கள்.

அடுத்தது, யார் நிற்கலாம் என்பது. 2012ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டப்படி கட்சி வேட்பாளர் என்றால், அந்தக் கட்சிக்கு நாடாளுமன்றத்திலோ, மண்டல மன்றத்திலோ, நகராட்சியிலோ தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இருக்க வேண்டும். சுயேச்சை என்றால் 300 கையெழுத்து. சாதாரண வாக்காளர் கையெழுத்து செல்லாது. நாடாளுமன்ற உறுப்பினர், கவுன்சிலர், முதல்நிலைப் பாரம்பரியத் தலைவர் போன்றவர்கள் போட வேண்டும், பத்து மண்டலத்திலும் மண்டலத்துக்கு 30 வீதம். அந்தப் பதவிகளில் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர்களே இருக்கும்போது எதிர்ப்பவருக்கு யார் போடுவார்கள்? இதற்கு மேல் டெபாசிட் 3 கோடி சி.எஃப்.ஏ. பிராங்க், நம் பணத்தில் 45 லட்சத்துக்கு மேல். நம் நீலகிரி தனித்தொகுதியில் மக்களவைக்கு நிற்க 12,500 ரூபாய் என்பதைப் பக்கத்தில் வைத்துச் சொன்னால் அரங்கத்துக்கு உடனே உறைக்கும்.

மோரிஸ் கம்டோ கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். எதிர்க்கட்சித் தலைவர், 2018 அதிபர் தேர்தலில் 14.23 சதவீதம் வாங்கி இரண்டாவதாக வந்தவர். 2020 நாடாளுமன்ற, நகராட்சித் தேர்தல்களை அவர் கட்சி புறக்கணித்தது. அதனால் 2025க்கு அந்தக் கட்சியின் பெயரில் அவர் நிற்க வழியில்லை. மனிடெம் என்ற வேறு கட்சி வழியாக மனு கொடுத்தார். அதே கட்சியின் பெயரில் இன்னொருவரும் மனு கொடுத்திருக்கிறார் என்று காரணம் காட்டித் தேர்தல் அமைப்பு தள்ளியது; ஆகஸ்ட் 5ஆம் தேதி, தேர்தல் வழக்குகளைத் தீர்க்கும் அரசியலமைப்பு மன்றமும் அதை உறுதி செய்தது. நடுவில் ஒரு நாடாளுமன்றத் தேர்தல் வந்திருந்தால் அவர் கட்சிக்கு இடம் கிடைத்து வழி திறந்திருக்கும். 2025இல் நடக்க வேண்டிய அந்தத் தேர்தலைத்தான் 2026க்குத் தள்ளி வைத்தார்கள். புறக்கணிப்பும் தள்ளிவைப்பும் சேர்ந்து கதவை எப்படி அடைத்தன என்று தேதிவாரியாகச் சொன்னாலே போதும், அடைமொழி எதுவும் வேண்டாம்.

---

குன்னூர்_முகவர்

கூடலூர் அண்ணன் சொன்னது ஓட்டுக்கு முன்னால் நடப்பது. ஓட்டு நாளைப் பற்றி நான் சொல்கிறேன்.

அங்கே மின்னணு இயந்திரம் கிடையாது. எல்லா வேட்பாளரின் பெயரும் உள்ள ஒரே வாக்குச்சீட்டும் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிச் சீட்டு. வாக்காளர் ஒரு உறையை வாங்கிக்கொண்டு, மேசையில் இருக்கும் சீட்டுகளில் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போவார். பிடித்தவரின் சீட்டை உறைக்குள் போட்டு, உறையைப் பெட்டியில் போடுவார். மிச்சச் சீட்டுகள் கையில் நிற்கும். இந்த முறைக்கு இருக்கும் பலவீனமே அதுதான்: பணம் கொடுத்தவன், வெளியே வந்ததும் ‘மிச்சத்தைக் காட்டு’ என்று கேட்டால், எது உறைக்குள் போனது என்று தெரிந்துவிடும். ரகசிய வாக்கு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகும்.

எண்ணிக்கை அந்தந்தச் சாவடியிலேயே, ஓட்டுப்பதிவு முடிந்த கையோடு நடக்கிறது. இது நல்ல ஏற்பாடு, அதை ஒப்புக்கொண்டு பேசுங்கள். எண்ணி முடித்ததும் பி.வி. என்கிற சாவடி அறிக்கை எழுதி, அங்கிருக்கும் கட்சிப் பிரதிநிதிகளுக்கு ஆளுக்கொரு பிரதி தருவார்கள். நம் ஊரில் முகவர் கையில் வாங்கும் 17சி படிவம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாடு முழுக்க 31,000க்கும் மேல் சாவடிகள். உங்கள் ஆள் இல்லாத சாவடியில் உங்களுக்கு பி.வி. இல்லை. பி.வி. இல்லாத இடத்தில் உங்களிடம் ஆதாரமும் இல்லை. மஞ்சூருக்கு மேலே உள்ள ஒரு சாவடிக்கு முகவர் போடவே இங்கே கட்சிகள் திணறுகின்றன. காட்டு வழியிலும் சண்டை நடக்கும் மண்டலத்திலும் எப்படிப் போடுவது?

அறிக்கைகள் 58 மாவட்டக் குழுக்களுக்கும், அங்கிருந்து தலைநகர் யாவுண்டேயில் உள்ள தேசியக் குழுவுக்கும் போகும். முடிவை அறிவிப்பது அரசியலமைப்பு மன்றம், 15 நாளுக்குள். இந்த முறை அக்டோபர் 12 ஓட்டு, 27ஆம் தேதி அறிவிப்பு. ஆட்சேப மனுவுக்கோ ஓட்டுப்பதிவு முடிந்து 72 மணி நேரம்தான். தேசிய அளவில் கூட்டல் முடியாத நேரத்திலேயே, கூட்டலில் தவறு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 2018இல் வந்த 18 மனுக்களும் தள்ளுபடி. இந்தத் தடவை சிரோமா தன் ஆட்கள் திரட்டிய பி.வி.களை வெளியிட்டு, தானே ஜெயித்ததாகச் சொன்னார். மன்றத்தின் அறிவிப்பு மாறவில்லை.

அந்த மன்றத்தின் 11 உறுப்பினர்களையும் அதிபர் ஆணை போட்டுத்தான் நியமிக்கிறார். மூவர் அவரே தேர்ந்தெடுப்பவர்கள். மற்றவர்களின் பெயர் கீழவை, மேலவைத் தலைவர்களிடமிருந்தும் நீதித்துறை உயர் மன்றத்திடமிருந்தும் வருகிறது. அந்த நீதித்துறை மன்றத்துக்குத் தலைவர் யார்? அதிபர். தேர்தல் நடத்தும் எலெகாம் குழுவை நியமிப்பவரும் அவரே. 100 பேர் கொண்ட மேலவையில் 30 பேரும் அவர் நியமனம்.

---

குறிஞ்சி_கோடை (கொடைக்கானல்)

கைதுகளைப் பற்றிக் கேட்டீர்கள் அவலாஞ்சி. முக்கியமான கருவி 2014 டிசம்பரில் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். போகோ ஹராம் என்ற ஆயுதக் குழுவின் தாக்குதலைச் சொல்லிக் கொண்டுவந்தார்கள். அந்த ஆபத்து வடக்கே உண்மையானது, அதை மறுக்காதீர்கள். சிக்கல் விளக்கத்தில் இருக்கிறது. பொதுச் சேவை இயங்குவதற்கு இடையூறு செய்வதும் அதற்குள் வரும்படி எழுதியிருப்பதால், வேலைநிறுத்தக்காரரையும் அதில் இழுக்கலாம். விசாரணை ராணுவ நீதிமன்றத்தில், அதிகபட்சம் மரண தண்டனை. 15 நாள் காவலில் வைக்கலாம், அதை நீட்டிக்கவும் செய்யலாம். நம் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தச் சொல்கிறது என்பதோடு ஒப்பிட்டால் அளவு புரியும்.

ஒரு பெயர் போதும் உங்களுக்கு: அகமது அப்பா, ஆர்.எஃப்.ஐ. என்ற பிரெஞ்சு வானொலியின் ஹவுசா மொழிச் செய்தியாளர். 2015 ஜூலையில் பிடித்தார்கள். 2017 ஏப்ரலில் ராணுவ நீதிமன்றம் 10 வருஷம் கொடுத்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு அந்த டிசம்பரில்தான் வெளியே வந்தார். செய்தி சேகரித்ததற்கு இரண்டரை வருஷம்.

ஆங்கிலம் பேசும் பகுதி என்பது வடமேற்கு, தென்மேற்கு என்ற இரண்டு மண்டலங்கள். பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்தவை. 1961இல் வாக்கெடுப்பு நடத்தி, கூட்டாட்சி என்ற ஏற்பாட்டில் பிரெஞ்சுப் பகுதியோடு சேர்ந்தன. 1972இல் அதிபர் அஹிஜோ பொதுவாக்கெடுப்பு வைத்துக் கூட்டாட்சியை ஒழித்தார். சிறுபான்மைப் பகுதியின் தலைவிதியை நாடு முழுக்க ஓட்டுப் போட்டுத் தீர்மானித்த கதை இது. உங்கள் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

2016 கடைசியில் அங்கே வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் தெருவுக்கு வந்தார்கள். ஆங்கிலச் சட்டமுறை தெரியாத நீதிபதிகளையும் ஆங்கிலம் சரியாக வராத ஆசிரியர்களையும் அனுப்பாதீர்கள் என்பதே கோரிக்கை. 2017 ஜனவரி 17இல் அந்த இரண்டு மண்டலத்துக்கு மட்டும் இணையத்தைத் துண்டித்தார்கள். ஏப்ரல் 20 வரை, 93 நாள். கேமரூன் மலையடிவாரத்தில் புயா என்ற ஊர், டோலே தேயிலைத் தோட்டத்தின் பக்கம். மென்பொருள் செய்யும் இளைஞர்கள் நிறைந்த இடம். வேலையைக் காப்பாற்ற அவர்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு பிரெஞ்சுப் பகுதிக்குப் பஸ் ஏறிப் போய் இணையத்தைப் பிடித்தார்கள். குன்னூரில் இணையத்தை வெட்டிவிட்டு, மேட்டுப்பாளையத்தில் மட்டும் விட்டுவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. பேச்சுவார்த்தை நடத்திய தலைவர்களையும் அதே ஜனவரியில் கைது செய்தார்கள். பேச ஆள் இல்லாமல் போன இடத்தில் துப்பாக்கிக்காரர்கள் வந்து நின்றார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

---

அவலாஞ்சி

அக்கா, அண்ணன்மார்களே, மிக்க நன்றி. ஒரே சந்தேகம். ‘எதிர்க்கட்சிக்கு 35 சதவீதம் விழுந்திருக்கிறதே, அப்புறம் எப்படிப் போட்டி இல்லை என்கிறீர்கள்?’ என்று கேட்டால்?

---

கூடலூர்_சட்டம்

கேட்பார்கள். 1992 அக்டோபரைக் கையில் வைத்திருங்கள். பல கட்சிகள் மோதிய முதல் அதிபர் தேர்தல், பியாவுக்கு 39.98, ஜான் ஃப்ரு ண்டிக்கு 35.97. அறுபது சதவீதம் பேர் பியாவுக்கு எதிராகப் போட்டும் அவர்தான் அதிபர், ஏனென்றால் ஒரே சுற்று, முதலில் வருபவருக்கே வெற்றி. பிரான்ஸ் மாதிரி இரண்டாம் சுற்று இருந்தால் கணக்கே வேறு. அறிவிப்பு வந்ததும் வடமேற்கில் அவசரநிலை, ஃப்ரு ண்டிக்கு வீட்டுக்காவல். ‘போட்டி இருந்தது, போட்டியிட்டவர் வீட்டுக்குள் பூட்டப்பட்டார்’ என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

‘நம் ஊரிலும் ஒரே சுற்றுதானே’ என்று திருப்பினால், இங்கே அது ஒரு தொகுதியின் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க. அங்கே தேர்தல் அமைப்பையும் மன்றத்தையும் ஆளுநரையும் நியமிக்கும் ஒரே ஆளைத் தேர்ந்தெடுக்க என்று பதில் சொல்லுங்கள். பெயர்களின் உச்சரிப்பை முதல் நாளே இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். ‘ண்டி’யில் எல்லோரும் தடுக்குவார்கள்.