பழைய 8 அங்குலம், புதிய 4 அங்குலம்: ஒரே 20 லிட்டர் பெட்டி இரண்டுக்கும் ஒத்துவருமா?

நிலைப்பலகை (கேள்வி):

கையில் இரண்டு ஜோடி ஃபுல் ரேஞ்ச் (எல்லா ஒலியையும் ஒன்றே தரும்) ஸ்பீக்கர் இருக்கின்றன. இரண்டையும் ஒலி அளக்கும் ஆர்இடபிள்யூ மென்பொருளில், 100 ஓம் ரெசிஸ்டர் வைத்து அளந்தேன்.

முதல் ஜோடி: வால்வு ரேடியோகிராமிலிருந்து எடுத்த 8 அங்குலம். இரட்டைக் கோன், அல்நிகோ காந்தம், ஓரம் காகித மடிப்பு. எஃப்எஸ் (கோன் தானாக அதிரும் ரெசொனன்ஸ்) 60 ஹெர்ட்ஸ், டிசி ரெசிஸ்டன்ஸ் 6 ஓம், கியூ எண்கள் (அந்த அதிர்வு எவ்வளவு மெதுவாக அடங்கும் என்பது) கியூஎம்எஸ் (இயந்திரப் பகுதி) 4.5, கியூஇஎஸ் (மின் பகுதி) 1.0, கியூடிஎஸ் (மொத்தம்) 0.82, வாஸ் (கோனின் நெகிழ்வுக்கு இணையான காற்றளவு) 65 லிட்டர்.

இரண்டாவது ஜோடி: புதிய 4 அங்குலக் காகிதக் கோன். எஃப்எஸ் 83 ஹெர்ட்ஸ், டிசி ரெசிஸ்டன்ஸ் 7 ஓம், கியூஎம்எஸ் 3.0, கியூஇஎஸ் 0.40, கியூடிஎஸ் 0.35, வாஸ் 6 லிட்டர்.

ஆம்ப்ளிஃபையர் ஈஎல்84 வால்வு சிங்கிள் எண்டட். 8 ஓம் டேப்பில் அவுட்புட் இம்பீடன்ஸ் 2 ஓம் வருகிறது. அறை 12க்கு 10 அடி, ஸ்பீக்கர் பின்சுவரிலிருந்து ஒரு அடிக்கு மேல் தள்ளி வர இடமில்லை. 45 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்த 20 லிட்டர் போர்ட் (காற்றுக் குழாய் வைத்த) பெட்டி வரைபடம் ஒன்று இருக்கிறது. முன்பலகையை மட்டும் மாற்றி இரண்டு ஜோடிக்கும் அதையே பயன்படுத்தலாமா? இல்லையென்றால் எதற்கு எந்தப் பெட்டி?

ஓம்மீட்டர்:

இரண்டுக்குமே அந்தப் பெட்டி வேண்டாம். ஒன்றுக்கு அது மிகச் சிறியது, இன்னொன்றுக்கு மிகப் பெரியது.

கணக்குக்கு முன் ஒன்று. நீங்கள் அளந்த கியூடிஎஸ், டிரைவர் (பெட்டியில்லாத ஸ்பீக்கர்) தனியாக இருக்கும்போது வருவது. ஆம்பின் 2 ஓம் அதோடு தொடராக நிற்கிறது, அதைச் சேர்த்துத்தான் பெட்டி போட வேண்டும். கியூஇஎஸ்ஸை டிசி ரெசிஸ்டன்ஸும் ஆம்ப் இம்பீடன்ஸும் சேர்ந்த கூட்டுத்தொகையால் பெருக்கி, டிசி ரெசிஸ்டன்ஸால் வகுங்கள். 8 அங்குலத்துக்கு 1.0 என்பது 1.33 ஆகும், மொத்த கியூ 1.03. 4 அங்குலத்துக்கு 0.40 என்பது 0.51 ஆகும், மொத்த கியூ 0.44.

இப்போது 8 அங்குலத்தை 20 லிட்டரில் மூடி வைத்தால், பெட்டிக்குள் ரெசொனன்ஸ் 124 ஹெர்ட்ஸுக்கு ஏறும், கியூ 2.1 ஆகும். 130 ஹெர்ட்ஸ் பக்கம் கிட்டத்தட்ட 7 டெசிபெல் மேடு. ஆண் குரல் எல்லாம் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். போர்ட் வைத்தால் இது சரியாகாது. இவ்வளவு உயர்ந்த கியூவுக்குப் போர்ட் பெட்டியே ஒத்துவராது, பேஸ் நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும்.

டிரைவர் கெட்டுப்போய்விட்டது என்று இதை வைத்து நினைக்க வேண்டாம். அந்தக் கால ரேடியோ ஸ்பீக்கர்கள் பின்பக்கம் திறந்த பெட்டிக்காக, இம்பீடன்ஸ் அதிகமுள்ள வால்வு ஆம்புக்காகச் செய்யப்பட்டவை. கோன் லேசானதுதான், ஆனால் காந்தம் மிதமானது, அதனால் உயர்ந்த கியூ. போர்ட் பெட்டியை அளவுகோல்களிலிருந்து கணக்கிடும் முறையை நெவில் தீல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்டதே 1961இல்தான். 1971இல் அமெரிக்காவில் மறுபதிப்பு வந்த பிறகுதான் அது பரவியது. அதற்கு முந்தைய டிரைவர்களில் கியூ எங்கே வேண்டுமானாலும் இருக்கும். அளக்காமல் மரம் அறுக்கக் கூடாது.

வாஸ் சரிதானா என்றும் பாருங்கள். நகைத் தராசில் 5 கிராம் ப்ளூ டாக் (களிமண் போன்ற ஒட்டுப்பசை) எடை போட்டு, வாய்ஸ் காயிலை (கோனின் நடுவே உள்ள கம்பிச்சுருள்) சுற்றிச் சமமாக ஒட்டுங்கள். எஃப்எஸ் 46க்கு இறங்கினால் நகரும் எடை 7 கிராம், வாஸ் ஏறக்குறைய 65 லிட்டர். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த டிரைவரில் முதல் அளவு எப்போதும் இறுகலாக வரும். 30 ஹெர்ட்ஸ் சைன் சிக்னலை மெல்லிய அளவில் ஒரு இரவு ஓடவிட்டு மறுபடி அளந்து, அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

4 அங்குலத்துக்கு வருவோம். டிரான்சிஸ்டர் ஆம்ப் (அவுட்புட் இம்பீடன்ஸ் ஏறக்குறையப் பூஜ்யம்) என்றால் 4.5 லிட்டர், 89 ஹெர்ட்ஸ் டியூனிங், 3 டெசிபெல் இறங்கும் இடம் 93 ஹெர்ட்ஸ். உங்கள் ஆம்புக்கு 8.5 லிட்டர், 73 ஹெர்ட்ஸ் டியூனிங், 3 டெசிபெல் இறங்கும் இடம் 68. அதே டிரைவர்தான். 2 ஓம் சேர்ந்ததால் வந்த மாற்றம் இவ்வளவு. விலையாகக் கொடுப்பது 2 டெசிபெல் சத்தம். இதையே 20 லிட்டரில், 45 ஹெர்ட்ஸில் வைத்தால் பேஸ் தொய்ந்துவிடும், சிறிய கோனுக்குக் காற்றின் பிடிப்பும் இருக்காது.

தேக்குப்பலகை:

4 அங்குலப் பெட்டிக்கு அறுப்பு அளவு தருகிறேன். 18 மிமீ பிளை, ஐஎஸ் 710 மரைன் தரம். ஐஎஸ் 303 கமர்ஷியலில் உள்ளே இடைவெளி இருக்கும், விரலால் தட்டினாலே சில இடத்தில் வேறு ஒலி வரும். எம்டிஎஃப் சீராக அறுபடும், ஆனால் கடற்கரை ஊர் ஈரத்தில் வெட்டு முனை உப்பும், திருகு பிடி விடும்.

உள்ளளவு 15 × 35 × 18 செமீ, மொத்தம் 9.45 லிட்டர். டிரைவர், போர்ட், குறுக்குச் சட்டம் கழித்தால் 8.7 பக்கம் நிற்கும். ஒரு பெட்டிக்கு: முன், பின் 186 × 386 மிமீ இரண்டு. பக்கம் 386 × 180 இரண்டு. மேல், கீழ் 150 × 180 இரண்டு. பிளைவுட் கடையில் மில்லிமீட்டரிலேயே எழுதிக் கொடுங்கள். அங்குலத்துக்கு மாற்றினால் 2, 3 மிமீ எங்காவது காணாமல் போகும். ஒரே அளவுள்ள துண்டுகளை எல்லாம் ரம்பத்தின் வழிகாட்டிப் பட்டையை நகர்த்தாமல் ஒரே ஓட்டத்தில் அறுக்கச் சொல்லுங்கள். 386 நீளமுள்ள எட்டுத் துண்டும் ஒரே நீளம் வந்தால்தான் மூலை மூடும்.

பலர் விடுவது, டிரைவர் துளையின் பின்பக்கம். 18 மிமீ பலகையில் 4 அங்குல டிரைவர் உட்காரும்போது பின்னால் ஒரு குழாய் மாதிரி ஆகிவிடுகிறது, கோனின் பின்காற்று போக வழியில்லை. குரல் அடைத்தது போல ஆகும். பின்விளிம்பை 45 டிகிரியில் சரித்து இழையுங்கள், திருகு வரும் நாலு இடத்தில் மட்டும் மரத்தை விட்டுவையுங்கள்.

போர்ட்: உள்விட்டம் 40 மிமீ குழாய் என்றால் 5.4 செமீ நீளம், 45 மிமீ என்றால் 7.2 செமீ. கடையில் சொல்லும் பிவிசி அளவு வெளிவிட்டம், காலிப்பர் வைத்து உள்ளே பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி வைத்து, டிரைவரை மாட்டி இம்பீடன்ஸ் அளங்கள். இரண்டு மேடு வரும், நடுவில் உள்ள பள்ளம்தான் டியூனிங். 73 வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பள்ளம் ஆழமில்லாமல் மழுங்கி இருந்தால் எங்கோ காற்று கசிகிறது. பெரும்பாலும் டெர்மினல் தட்டுதான் காரணம்.

பின், மேல், ஒரு பக்கம் என்று மூன்று சுவருக்கு 25 மிமீ பாலியஸ்டர் பஞ்சு. போர்ட் வாயருகே ஒன்றும் வேண்டாம்.

ஓம்மீட்டர்:

அதோடு பேஃபிள் ஸ்டெப்பையும் (முன்பலகையைவிட நீண்ட அலைகள் பின்பக்கமும் பரவுவதால் கீழ் ஒலி குறைவது) சேர்த்துக்கொள்ளுங்கள். 18.6 செமீ முகத்துக்கு அது 620 ஹெர்ட்ஸ் பக்கம் தொடங்கும். சுவர் ஒரு அடியில் இருப்பதால் முழு 6 டெசிபெல் திருத்தம் அதிகம். 0.82 மில்லிஹென்றி காற்றுக் காயில், அதற்கு இணையாக 3.3 ஓம் 10 வாட் ரெசிஸ்டர், இரண்டும் டிரைவருக்குத் தொடராக. 2.5 டெசிபெல் இறக்கம் கிடைக்கும். காயிலின் டிசி ரெசிஸ்டன்ஸ் 0.3 ஓமுக்குள் இருக்கட்டும், அதுவும் கியூவை ஏற்றும்.

போர்ட் பெட்டியில் டியூனிங்குக்குக் கீழே கோன் கட்டுப்பாடில்லாமல் ஆடும். ஆம்ப் நுழைவில் 100 கிலோஓம் வால்யூம் கன்ட்ரோலுக்கு முன் 0.039 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போட்டால் 41 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கும் சுமை குறையும்.

அலைவரி:

8 அங்குலத்துக்கு என் ஓட்டு திறந்த பலகைக்கு. கியூ 1.03, லேசான கோன், பெட்டி ஒலியே இல்லாத குரல். கர்நாடக சங்கீதம் கேட்பவர்கள் ஒருமுறை கேட்டால் விடமாட்டார்கள். 60 × 110 செமீ பலகை, டிரைவரின் மையம் தரையிலிருந்து 80 செமீ, ஒரு ஓரத்திலிருந்து 24, மறு ஓரத்திலிருந்து 36. நடுவில் வைத்தால் இரு ஓரத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பின்பக்க ஒலி அலை வந்து ஒரே இடத்தில் குழி விழும். இரண்டு பலகையும் கண்ணாடிப் பிம்பமாக இருக்கட்டும். பக்க இறக்கை கீழே 25 செமீ, மேலே 10 செமீ என்று சரிவாக. நேராக 25 வைத்தால் 250-300 ஹெர்ட்ஸில் பெட்டி மாதிரியே முனகும். 8க்கு 4 அடி ஷீட் ஒன்றில் இரண்டு பலகையும் நாலு இறக்கையும் அடங்கும்.

ஓம்மீட்டர்:

அலைவரி சொல்கிற குரல் உண்மைதான். ஆனால் இந்த அறைக்கு வேண்டாம் என்கிறேன். திறந்த பலகைக்குப் பின்னால் குறைந்தது 3 அடி வேண்டும், இங்கே ஒரு அடிதான். மேலும் அந்த அளவுப் பலகையில், இறக்கையோடு சேர்த்தும், 130 ஹெர்ட்ஸிலேயே நடுத்தர ஒலியைவிட 6 டெசிபெல் கீழே இருக்கும். 65 ஹெர்ட்ஸில் 12. கியூ 1.03 அதை நிரப்பாது. பேஸுக்குத் தனி வூஃபர் சேர்க்கத் தயார் என்றால் மட்டும் அந்த வழி.

8 அங்குலத்துக்கு நான் சொல்வது 100 லிட்டர் பெட்டி, பின்னால் தடையுள்ள துவாரம். உள்ளளவு 40 × 80 × 32 செமீ. முழுக்க மூடினால் கியூ 1.3, 90 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் மேடு. சுவரை விட்டுத் தள்ளி வைத்தால் பேஃபிள் ஸ்டெப் இழப்பை அந்த மேடே ஈடுகட்டும். சுவரருகே அது மிகுதி. அதனால் பின்பலகையில் 38 மிமீ துளை ஐந்து போட்டு, உட்புறம் இரண்டு கம்பிவலைக்கு நடுவே 25 மிமீ கம்பளி ஃபெல்ட்டை அழுத்தி வையுங்கள். அழுத்தத்தை மாற்றி மாற்றி இம்பீடன்ஸ் பாருங்கள். மேடு எப்போது மிகக் குட்டையாகவும் அகலமாகவும் வருகிறதோ அதுதான் சரியான அழுத்தம். இரண்டு மேடாகப் பிரிந்தால் தடை போதவில்லை, துவாரம் போர்ட்டாக வேலை செய்கிறது.

80 செமீ உயரத்தில் 214 ஹெர்ட்ஸ் நிலையலை வரும். பஞ்சைச் சுவரோடு மட்டும் ஒட்டினால் அது அடங்காது. உயரத்தின் நடுவில், காற்று வேகமாக அசையும் இடத்தில், குறுக்காக ஒரு மெத்தை போல வையுங்கள்.

நிலைப்பலகை:

மிக்க நன்றி, 8.5 லிட்டரும் 100 லிட்டரும் என்று முடிவு செய்கிறேன். மெத்தைக்கு இலவம்பஞ்சு போடலாமா? இன்னொன்று, ஒரு 8 அங்குலத்தில் கோனை அழுத்தும்போது லேசாக உரசுகிறது. காந்தத்தைக் கழற்றிச் சுத்தம் செய்யலாமா?

தேக்குப்பலகை:

இலவம்பஞ்சு கட்டி தட்டும், இழை பறக்கும், துவாரம் உள்ள பெட்டியில் அது கூடாது. பாலியஸ்டர் பஞ்சே போதும். 100 லிட்டர் இரண்டுக்கு ஒரு 8க்கு 4 ஷீட் கொஞ்சத்தில் போதாது. இரண்டு ஷீட் வாங்கினால் சிறிய பெட்டிகளும் அதிலேயே வந்துவிடும்.

ஓம்மீட்டர்:

காந்தத்தைக் கழற்றவே கூடாது. அல்நிகோவில் காந்தச் சுற்றைத் திறந்தாலே காந்தபலம் குறைந்துவிடும், திரும்ப ஏற்றாமல் வராது. முதலில் இரண்டு கைவிரல்களால் கோனின் எதிரெதிர்ப் பக்கத்தைச் சமமாக அழுத்திப் பாருங்கள். ஒருபக்கமாக அழுத்தினால் நல்ல டிரைவரும் உரசும். சமமாக அழுத்தியும் உரசினால், டிரைவரை 180 டிகிரி திருப்பி, அதாவது மேல்புறம் கீழே வரும்படி மாட்டுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே திசையில் தொங்கிய ஸ்பைடர் (வாய்ஸ் காயிலை மையத்தில் பிடிக்கும் மடிப்புத் தாங்கி) தானே மையத்துக்குத் திரும்பும் வாய்ப்பு உண்டு. சில பழைய மாடல்களில் ஸ்பைடரின் நடுவே ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, இடைவெளியில் மெல்லிய ஃபிலிம் பட்டைகள் நாலு செருகி மையப்படுத்தி, இறுக்கிவிட்டு உருவலாம். மாட்டும்போது 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு, இரண்டு கோனும் ஒரே திசையில் நகர்கிறதா பாருங்கள். பழைய டெர்மினலில் உள்ள சிவப்புப் புள்ளியை நம்ப வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு வேறு பழைய ஜோடி வாங்குகிறவர்கள், மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ரேடியோக்களுக்காகப் பிலிப்ஸ் 800 ஓம் ஸ்பீக்கர்கள் செய்தது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். மீட்டரில் நூற்றுக்கணக்கில் ஓம் காட்டினால் அது இந்த ஆம்பில் ஓடாது.