உக்ரைனுக்கு ஐரோப்பா காட்டுவது கதவா, சுவரில் வரைந்த கதவின் படமா?

கணக்கன் (இழையைத் தொடங்கியவர்) | 2026 ஜனவரி 17

உக்ரைனுக்கு 2026, 2027 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கென 9,000 கோடி யூரோ கடன் வழங்குவதென ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள் கடந்த டிசம்பரில் முடிவெடுத்தார்கள். அதில் 6,000 கோடியை ராணுவத்துக்கும் 3,000 கோடியை அரசின் அன்றாடச் செலவுகளுக்கும் ஒதுக்கலாம் என்று ஐரோப்பிய ஆணையம் இந்த வாரம் முன்மொழிந்திருக்கிறது. இந்தப் பணத்தை நான் குறைசொல்ல வரவில்லை. தன் வரி வருவாயில் பெரும்பகுதியைப் போருக்கே கொட்டிக்கொண்டிருக்கும் ஒரு நாடு, ஆசிரியருக்குச் சம்பளமும் முதியவருக்கு ஓய்வூதியமும் கொடுப்பதற்கு வெளியிலிருந்து பணம் வந்துதான் ஆக வேண்டும்.

என் வழக்கு உறுப்புரிமை வாக்குறுதியைப் பற்றியது. படையெடுப்பு தொடங்கிய ஐந்தாம் நாளான 2022 பிப்ரவரி 28 அன்று உக்ரைன் விண்ணப்பித்தது. ஜூன் 23 அன்று வேட்பாளர் தகுதி கிடைத்தது. 2023 டிசம்பரில் ஹங்கேரிப் பிரதமர் ஓர்பான் அறையைவிட்டு வெளியே போயிருந்த நேரத்தில் பேச்சுவார்த்தை தொடங்குவதென முடிவாயிற்று. 2024 ஜூன் 25 அன்று லக்சம்பர்க்கில் முறைப்படி தொடக்க விழாவும் நடந்தது. அதன்பிறகு என்ன நடந்தது? பேச்சுவார்த்தைக்கான அத்தியாயங்களை, அதாவது துறைவாரியான சட்டப் பகுதிகளை, ஆறு கொத்துகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றரை ஆண்டு கடந்த பின்னும் அவற்றில் ஒரு கொத்துகூடத் திறக்கப்படவில்லை, ஏனெனில் ஒவ்வொரு படிக்கும் 27 நாடுகளின் ஒப்புதலும் வேண்டும். ஹங்கேரி அதைத் தர மறுக்கிறது.

வடக்கு மாசிடோனியாவைப் பாருங்கள். 2005இல் வேட்பாளரான அந்த நாடு, கிரீஸின் எதிர்ப்பைத் தீர்ப்பதற்காக 2019இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு பிரான்ஸ் தடுத்தது. அடுத்த ஆண்டு பல்கேரியா தடுத்தது. பெயரை மாற்றியவனுக்கே இந்தக் கதி என்றால், ஐந்தில் ஒரு பங்கு நிலத்தை எதிரி பிடித்து வைத்திருக்கும் நாட்டுக்கு என்ன உத்தரவாதம்? நிதியும் ஆயுதமும் வர்த்தகமும் தருகிறோம், உறுப்புரிமையைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்று ஐரோப்பா நேராகச் சொல்லிவிடுவதே நேர்மை.

மனுநீதி | ஜனவரி 17

கணக்கன் அவர்கள் தேதிகளைச் சரியாக அடுக்கியிருக்கிறார். அந்த வரிசையில் அவர் விட்டுவிட்ட ஒரு பத்து நாளை நான் எடுத்து வைக்கிறேன்.

2025 ஜூலை 22 அன்று உக்ரைன் நாடாளுமன்றம், உயர்மட்ட ஊழலை விசாரிக்கும் நாபு என்ற முகமையையும், அந்த வழக்குகளை நடத்தும் சாபோ என்ற தனி வழக்குத் தொடுப்பு அலுவலகத்தையும் தலைமை அரசு வழக்கறிஞரின் பிடிக்குள் கொண்டுவரும் சட்டத்தை அவசரமாக நிறைவேற்றியது. அதிபர் ஜெலென்ஸ்கி அன்றைக்கே கையெழுத்தும் இட்டுவிட்டார். போர்க்காலச் சட்டம் நடப்பில் இருப்பதால் அங்கே கூட்டம் கூடத் தடை உண்டு. நள்ளிரவில் ஊரடங்கு தொடங்கிவிடும். ஆனாலும் அன்று மாலையே கீவ் நகரில், அதிபர் மாளிகைக்கு அருகிலுள்ள இவான் பிராங்கோ நாடக அரங்கின் முன்னால், அட்டைப் பெட்டியைக் கிழித்து அதன்மேல் மார்க்கர் பேனாவால் எழுதிய வாசகங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இளைஞர்கள் திரண்டார்கள். லிவிவ், ஒடேசா, தினிப்ரோ நகரங்களிலும் அவ்வாறே நடந்தது. முழு அளவிலான போர் தொடங்கியபின் அரசுக்கு எதிராக எழுந்த முதல் பெரிய போராட்டம் அதுதான். பிரஸ்ஸல்ஸிலிருந்தும் கடுமையான குரல் வந்தது. ஜூலை 31 அன்று அதே நாடாளுமன்றம், எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லாமல் 331 வாக்குகளால் அந்தச் சுதந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தது.

போரில் இருக்கும் நாடு, தன் அதிபர் கையெழுத்திட்ட சட்டத்தைப் பத்தே நாளில் மாற்றிக்கொண்டதற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கதவு வெறும் படம் என்று அந்த இளைஞர்கள் நம்பியிருந்தால் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்களா?

கணக்கன் | ஜனவரி 17

நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. 2024 முதல் 2027 வரைக்குமாக 5,000 கோடி யூரோ தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் 3,300 கோடி கடன், 1,700 கோடி மானியம். காலாண்டுக்கு ஒருமுறை, ஒப்புக்கொண்ட சீர்திருத்தங்களை முடித்த கணக்கைப் பார்த்துத்தான் தவணை வரும். நீங்கள் சொல்லும் அதே ஜூலை மாதத்தில், 16 சீர்திருத்தங்களில் மூன்று முடியவில்லை என்று சொல்லி, வரவேண்டிய 450 கோடியில் ஏறத்தாழ 150 கோடியைப் பிடித்து வைத்தார்கள். ஆக, அங்கே வேலை செய்தது தவணைப் பணம். உறுப்புரிமை என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் அந்தக் கடிவாளம் அப்படியேதான் இருந்திருக்கும்.

இன்னொன்று. மீட்கப்பட்ட அந்தச் சுதந்திரத்தால் நவம்பரில் என்ன வெளிவந்தது? அணுமின் நிறுவனமான எனர்கோஆட்டத்தின் ஒப்பந்ததாரர்களிடம் 10 முதல் 15 விழுக்காடு வரை கமிஷன் பிடுங்கப்பட்டது என்றும், கைமாறிய தொகை ஏறத்தாழ 10 கோடி டாலர் என்றும் நாபு குற்றம்சாட்டியது. கமிஷன் கொடுக்காதவனுக்குப் பில் பணம் வராது. அந்த ஏற்பாட்டுக்கு ரயில்வே கேட்டைப் போல ‘தடுப்புக் கட்டை’ என்றே பெயர் வைத்திருந்தார்களாம். முக்கியக் குற்றவாளி என்று சொல்லப்படும் மிண்டிச், அதிபரின் பழைய தொழில் கூட்டாளி. சோதனைக்குச் சில மணி நேரம் முன்னால் நாட்டைவிட்டே போய்விட்டார். மக்கள் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருட்டில் உட்கார்ந்திருந்த மாதத்தில் மின்துறையிலேயே இப்படி நடந்திருக்கிறது. இதை ஒன்றியத்துக்குள் அழைத்துக்கொள்ள எந்த நாட்டு வாக்காளர் சம்மதிப்பார்?

மனுநீதி | ஜனவரி 17

இதைக் கண்டுபிடித்தது யார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் அல்லவா? ஜூலையில் யாருடைய கையைக் கட்டப் பார்த்தார்களோ, அந்த நாபுதான் பதினைந்து மாதம் ஒட்டுக்கேட்டு அந்த உரையாடல்களைப் பதிவு செய்தது. இரண்டு அமைச்சர்கள் பதவி இழந்தார்கள். நவம்பர் 28 அன்று, அதிபரின் நிழல் என்று பெயர் பெற்ற, அதிபர் அலுவலகத் தலைவர் எர்மாக்கின் வீட்டில் சோதனை நடந்தது. அன்றே அவரும் விலகினார். திருட்டு நடந்தது என்பதும் திருடனைப் பிடிக்கும் கை இருந்தது என்பதும் ஒரே செய்தியின் இரண்டு வரிகள்.

அந்தக் கை எப்படி முளைத்தது என்பதையும் பாருங்கள். நாபு 2015இல் உருவானது. உக்ரேனியர்கள் விசா இல்லாமல் ஐரோப்பாவுக்குள் வருவதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளில் அத்தகைய முகமையும் ஒன்று. விசா விலக்கு 2017 ஜூன் மாதம் நடப்புக்கு வந்தது. அது யாருக்கும் தவணையாக வந்த பணம் அல்ல. ஐரோப்பாவுக்குள் போய்வரலாம் என்ற எதிர்பார்ப்பு. கடன் திருப்பப்பட்டுவிட்டால் கடன் கொடுத்தவனின் பிடி தளர்ந்துவிடும். உள்ளே வரப்போகிறவனுக்கு விதிக்கும் நிபந்தனை அப்படித் தளராது.

ஊர்க்குருவி | ஜனவரி 17

இரண்டு பேரும் ஐரோப்பா தருகிறது, தருகிறது என்றே எழுதுகிறீர்கள். ரஷ்ய மத்திய வங்கியின் பணம் ஏறத்தாழ 21,000 கோடி யூரோ ஐரோப்பாவில் முடங்கிக் கிடக்கிறது. அதில் பெரும்பகுதி பெல்ஜியத்தில் உள்ள யூரோகிளியர் என்ற பத்திரக் காப்பு நிறுவனத்தில் இருக்கிறது. அடித்தவனின் பணம் பெட்டியில் இருக்கும்போது அடிபட்டவனுக்குக் கடன் கொடுப்பது என்ன நியாயம்?

மனுநீதி | ஜனவரி 17

அது இந்த இழைக்குச் சற்று வெளியே போகும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கு வந்தால் மொத்தப் பொறுப்பும் தன் தலையில் விழும் என்று பெல்ஜியம் மறுத்தது. அதனால் ஒன்றியமே சந்தையில் கடன் வாங்கி உக்ரைனுக்குத் தருகிறது. ஹங்கேரி, ஸ்லோவாகியா, செக் நாடுகள் அந்தச் சுமையில் பங்கு ஏற்கவில்லை. ரஷ்யா போர் இழப்பீடு கொடுத்தால் மட்டுமே உக்ரைன் அதைத் திருப்ப வேண்டும் என்பதால், அதைக் கடன் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான்.

விஸ்துலாக்கரை | ஜனவரி 18

நான் வார்சாவில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். சட்டங்களைப் பற்றி மனுநீதி அவர்கள் எழுதியவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கதவைத் தடுத்து நிற்பவர் ஓர்பான் ஒருவர் மட்டும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே போலந்து உழவரின் டிராக்டரும் வழியில் நிற்கிறது.

கருங்கடல் அடைபட்டதும், 2022 மே மாதம் உக்ரைன் தானியத்துக்கு ஐரோப்பா தரைவழியையும் தண்டவாளத்தையும் திறந்துவிட்டது. அடுத்த மாதமே சுங்க வரியையும் நிறுத்தியது. ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் போக வேண்டிய கோதுமையில் ஒரு பகுதி இங்கேயே தங்கி, உள்ளூர் விலையை அடித்தது. 2024 பிப்ரவரியில் மெடிக்கா எல்லையில் சரக்கு ரயிலின் கதவைத் திறந்து தானியத்தைத் தண்டவாளத்தில் கொட்டினார்கள். 2022இல் இதே எல்லையில்தான் போலந்துக்காரர்கள் சூப்போடும் குழந்தை வண்டிகளோடும் நின்று அகதிகளை வரவேற்றார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஊரின் மனம் புரியும். இன்று வரியில்லா இறக்குமதி முடிந்துவிட்டது. கடந்த அக்டோபர் இறுதி முதல் சர்க்கரை, கோழி, முட்டை போன்றவற்றுக்கு அளவு வரம்பு போட்ட புதிய ஒப்பந்தம் நடக்கிறது.

அதனால் உறுப்புரிமையே கூடாது என்று நான் சொல்லவில்லை. போலந்தே 1994இல் விண்ணப்பித்து, பத்து ஆண்டு காத்திருந்துதான் உள்ளே வந்தது. வந்த பின்னும், 2004இல் இங்குள்ள உழவருக்கு, பழைய உறுப்பு நாட்டு உழவருக்குக் கிடைத்த நேரடி மானியத்தில் 25 விழுக்காடுதான் கிடைத்தது. முழு அளவை எட்ட 2013 வரை ஆயிற்று. ஜெர்மனியில் போய்த் தடையில்லாமல் வேலை பார்க்க 2011 வரை காத்திருந்தார்கள். கதவைத் திறந்தாலும் ஒருக்களித்தே வைப்பது ஐரோப்பாவின் பழைய வழக்கம். உக்ரைனுக்கும் அப்படி வைக்கலாமே.

மின்சாரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் கீவ் பெண்மணி, சாயங்காலம் தன் தாய்க்குத் தொலைபேசி எடுப்பதற்கு முன்னால், அந்தத் தெருவின் மின்வெட்டு அட்டவணையைக் கைபேசியில் பார்த்துக்கொள்வார். தாய் இருப்பது ஒன்பதாம் மாடி. மின்சாரம் இருக்கும் நேரமானால் அவர் கடைக்குப் போயிருப்பார், இல்லாத நேரமானால் வீட்டில் இருப்பார். அந்த வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு இன்று ஐரோப்பிய மின்வலையிலிருந்தும் வருகிறது. படையெடுப்புக்குச் சில மணி நேரம் முன்னால் சோதனைக்காக ரஷ்ய வலையிலிருந்து பிரிந்த உக்ரைன், திரும்ப அதில் சேரவே இல்லை. 2022 மார்ச் 16 அன்று ஐரோப்பிய வலையோடு இணைந்துவிட்டது. 2024 டிசம்பரில் இறக்குமதி வரம்பை 1,700 மெகாவாட்டிலிருந்து 2,100 மெகாவாட்டாக உயர்த்தினார்கள். கம்பி வழியாக உக்ரைன் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கணக்கன் | ஜனவரி 18

நீங்கள் எழுதியதைத்தான் நானும் கேட்கிறேன், ஐயா. மின்வலையில் சேர உறுப்புரிமை தேவைப்படவில்லை. மூன்று வாரத்தில் இணைத்துவிட்டார்கள். செய்ய வேண்டும் என்ற மனம் இருக்கிற இடத்தில் ஐரோப்பா இப்படிச் செய்கிறது. மனம் இல்லாத இடத்தில் அத்தியாயம், கொத்து என்கிறது.

மனுநீதி | ஜனவரி 18

மூன்று வாரம் என்பது கடைசி முடிச்சுக்கு ஆன காலம். உக்ரைன் 2011இலேயே ஐரோப்பிய எரிசக்திச் சமூகத்தில் சேர்ந்து, அதன் சந்தை விதிகளைத் தன் சட்டமாக்கத் தொடங்கியிருந்தது. மின்வலை இணைப்புக்கான ஒப்பந்தம் 2017இல் கையெழுத்தானது. பத்து ஆண்டுகளுக்கு மேல் யாரும் கண்டுகொள்ளாத காகித வேலை நடந்திருந்ததால்தான், வேண்டிய அன்று சுவிட்சைப் போட முடிந்தது. இப்போதும் கொத்துகள் முறைப்படி திறக்கவில்லையே தவிர, ஒன்றியச் சட்டத்தோடு உக்ரைன் சட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு கடந்த ஆண்டே முடிந்துவிட்டது. மூன்று கொத்துகளைத் திறக்க உக்ரைன் தகுதி பெற்றுவிட்டது என்று ஆணையம் நவம்பர் அறிக்கையில் எழுதியிருக்கிறது. குரோவேஷியாவையும் எல்லைத் தகராற்றுக்காக ஸ்லோவேனியா பல மாதம் தடுத்து வைத்திருந்தது. அந்த முட்டுக்கட்டை 2009இல் நீங்கியது. 2013இல் குரோவேஷியா உறுப்பு நாடானது.

கணக்கன் | ஜனவரி 18

போலந்து உழவரின் 25 விழுக்காடு எனக்குத் தெரியாத செய்தி. விஸ்துலாக்கரை அவர்களுக்கு நன்றி. வாக்குறுதியை அப்படிப் படிப்படியாகப் பிரித்து, எந்த ஆண்டு எந்த உரிமை என்று எழுதிக்கொடுத்தால் அது கதவின் படம்தான் என்ற என் வாதத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்வேன். இன்றைக்கு அப்படி எழுதிய தாள் எதுவும் இல்லை.

குரோவேஷியாவுக்கு எதிராக ஸ்லோவேனியா கேட்டது கடலோரத்தில் ஒரு கோடு. ஓர்பான் கேட்பது என்னவென்று அவருக்கே தெளிவாகத் தெரியுமா என்பது ஐயம்தான். இடையில் உக்ரைனோடு ஒரே வண்டியில் கட்டப்பட்ட மால்டோவாவும் சேர்ந்து நிற்கிறது. ஹங்கேரியில் ஏப்ரல் மாதம் தேர்தல். அதன்பிறகும் முதல் கொத்து திறக்காவிட்டால், தடை புடாபெஸ்ட்டில் மட்டும் இல்லை என்பது தெரிந்துவிடும். நெறியாளர் அதுவரை இந்த இழையைப் பூட்டாமல் வைத்திருக்கட்டும்.