'முன்னேற்றக் கண்காணிப்பு': மாற்றுச் சொல் தேவை, வெள்ளிக்குள்

மடல் 1
வணக்கம். ஆசிரியர் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வாரம் ஒருமுறை மாணவர் ஒரு நிமிடம் வாய்விட்டுப் படிப்பார். சரியாகப் படித்த சொற்களை எண்ணி ஆசிரியர் வரைபடத்தில் புள்ளி வைப்பார். எதிர்பார்க்கும் முன்னேற்றத்தைக் காட்டும் இலக்குக் கோட்டுக்குக் கீழே அடுத்தடுத்து நான்கு புள்ளிகள் விழுந்தால், கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும். ஆங்கிலத்தில் progress monitoring எனப்படும் இதற்கு 'முன்னேற்றக் கண்காணிப்பு' என்று போட்டேன். மெய்ப்புப் பார்த்தவர், "வகுப்பில் கேமரா வைத்த மாதிரி இருக்கிறது" என்கிறார்.

மடல் 2
பாடம் நடக்கும்போதே மாணவர் எப்படிக் கற்கிறார் என்று பார்ப்பதற்கு 'வளரறி மதிப்பீடு' என்ற சொல் தமிழ்நாட்டில் ஏற்கெனவே புழங்குகிறதே அம்மா. அழகான வினைத்தொகை. எதற்குப் புதுச்சொல்?

மடல் 3
வினைத்தொகையா? அதில் வினையை அடுத்துப் பெயர் வர வேண்டும். ஊறுகாயில் 'காய்' பெயர். 'வளரறி'யில் 'அறி' பெயரா ஐயா? பாட முடிவில் நடக்கும் மதிப்பீட்டைச் சொல்லும் 'தொகுத்தறி'யிலாவது வினையெச்சம் ஒழுங்காக நிற்கிறது. 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்றார் வள்ளுவர். நாடுதல் என்றால் ஆராய்தல். 'வளர்நாடல்' என்பது என் பரிந்துரை. கைநாடி பார்ப்பதும் இதே வேர்தான்.

மடல் 4
கைநாடி வடசொல். குறளில் வருவது வினையெச்சம். இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். 'வளர்நாடல்' என்று என் வகுப்பில் சொன்னால், "நாடகமா சார்?" என்று கேட்பார்கள்.

மடல் 5 (முதல் மடல்காரர்)
வளரறி பெரிய குடை. நான் கேட்பது அதில் ஒரு கம்பி. நடுவில் திருத்த ஒன்று, முடிவில் தீர்ப்புச் சொல்ல ஒன்று என்று மதிப்பீட்டியல் அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் 1967-இல் மதிப்பீட்டைப் பிரித்தார். முதலாவதுதான் வளரறி. வாரப் புள்ளி முறை பின்னால் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஸ்டான்லி டெனோ வளர்த்தது. படிக்கக் கொடுக்கும் பத்தி மாறும், கடினம் மாறாது. அதனால்தான் இந்த வாரப் புள்ளியைப் போன வாரத்தோடு ஒப்பிட முடிகிறது.

மடல் 6
இலங்கைக் கல்வி நூல்களில் கணிப்பீடு வேறு, மதிப்பீடு வேறு. தகவல் திரட்டுவது கணிப்பீடு. அதை வைத்து முடிவு சொல்வது மதிப்பீடு. புள்ளி வைப்பது முதல் வகை. 'தொடர் கணிப்பீடு' என்றால் என்ன குறை?

மடல் 7
இங்கே கணிப்பு என்றாலே ஜாதகம்தான் நினைவுக்கு வரும்.

மடல் 8
அதற்காக நல்ல சொல்லை விட்டுவிடுவதா? அப்புறம் தூய தமிழ் எப்படிப் புழக்கத்துக்கு வரும்?

மடல் 9 (முதல் மடல்காரர்)
அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். நால்வர் தனிமடலில் ஒத்துக்கொண்டதால் 'முன்னேற்றம் அறிதல்' என்றே போட்டுவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

மடல் 10
சரி. 'வளர்நாடல்' என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது சேர்க்க முடியுமா?